சிறிய சங்கங்களுக்கு வட்டார ஆதார மையம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? குமரி மாவட்ட நண்பர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: கல்குளம் வட்டத்துச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். கல்குளம் வட்டத்தில், கடற்கரை ஊர்களுக்கும் ரப்பர் தோட்டப் பகுதிக்கும் நடுவே அமைந்த ஒரு சிற்றூரில் இயங்கும் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு பெற்ற எங்கள் சங்கம், மாலைநேரப் படிப்பகம் ஒன்றையும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றையும் நடத்தி வருகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருந்து வந்தவர்கள். ஊர்மக்கள் தரும் நன்கொடையும், வளைகுடா நாடுகளிலும் பிற நாடுகளிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அனுப்பும் தொகையுமே இதுவரை எங்களைத் தாங்கி வந்திருக்கின்றன.

அண்மையில் ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் பராமரிப்பு இல்லத்துக்கு உதவ முன்வந்தது. ஆனால் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 எண், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை என்று அவர்கள் கேட்ட பட்டியலைப் பார்த்ததும் எங்கள் நிர்வாகக் குழுவில் பலர் சோர்ந்துபோனார்கள். அதே சமயத்தில், தென்மாவட்டங்களின் சிறு அமைப்புகளுக்கு வழிகாட்டும் ஒரு வட்டார ஆதார மையம் எங்களை உறுப்பினராகச் சேரும்படி அழைத்திருக்கிறது.

இத்தகைய மையத்தில் சேர்ந்தால் பயிற்சி வகுப்புகளையும் சான்றிதழ்களையும் தவிர வேறு பயன் உண்டா? நாளடைவில் எங்கள் பணி அவர்கள் பெயரில் போய்விடாதா? இன்னொன்று, எல்லாத் தரப்பினரையும் உள்ளடக்கிய அமைப்பாக மாறுவதற்கு ஒரு செயல்திட்டம் எழுதித் தரவேண்டும் என்பது மையத்தின் முதல் நிபந்தனை. நாம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகத்தானே உழைக்கிறோம், இதற்குமேல் என்ன வேண்டும் என்று எங்கள் குழுவில் சிலர் கேட்கிறார்கள். மீன் விற்கும் பெண்கள், முந்திரி ஆலைத் தொழிலாளர்கள், மலையோரத்தில் இருந்து இறங்கிவந்து குடியேறிய காணிப் பழங்குடிக் குடும்பங்கள் ஆகியோரின் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நிர்வாகக் குழுவில் இல்லை என்பதும் உண்மைதான். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற கணக்காளர்

வணக்கம் அம்மா. பல சிறு சங்கங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். மற்றவற்றை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பயிற்சி வகுப்போடு நின்றுவிடும் மையத்தால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது. உங்கள் மேசைக்கே ஆளை அனுப்பி, ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, உங்களோடு உட்கார்ந்து எழுத வைக்கும் மையம் என்றால் தயங்காமல் சேருங்கள்.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் பொறுப்பில் ஒய்எம்சிஏ இங்கே நடத்திய கிராமப் புனரமைப்பு மையம், பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையைச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வகுப்பெடுத்து அனுப்பியதோடு அது நிற்கவில்லை. வளர்த்தவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தேனை விற்கும் கட்டம் வரைக்கும் உடனிருந்தது. அந்தத் தொழில் இன்றும் இந்த வட்டாரத்தில் நிலைத்திருப்பதற்கு அந்த உடனிருப்பே காரணம் என்று நம்புகிறேன்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம்; அது ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டறிக்கையும் நிர்வாகிகள் மாற்றமும் விடுபடாமல் தாக்கல் செய்யப்பட்டிருக்கின்றனவா என்பதே முதல் படி. இது பாக்கி கிடந்தால் மற்ற எல்லாம் அங்கேயே முட்டி நிற்கும். அடுத்தது வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள். இவை இரண்டும் இருந்தால்தான் சிஎஸ்ஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்ய முடியும். 2021 ஏப்ரல் முதல் அந்தப் படிவம் கட்டாயம். அதோடு, நிறுவனம் தானே தொடங்காத அமைப்பாக இருந்தால், அதே போன்ற பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். தர்ப்பண் பதிவு இவற்றோடு ஒப்பிட்டால் எளியது. வருமான வரிப் பதிவு ஒருமுறை பெற்றால் என்றைக்கும் போதும் என்றிருந்த நிலை 2021-இல் முடிந்துவிட்டது. இப்போது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் நாம் மனப்பாடம் செய்து வைத்த பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு மாறும் இந்த விவரங்களை ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் செயலாளர் வீட்டு வேலைக்கு நடுவே தேடிப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஆதார மையம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சங்கங்களில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு குறையைச் சொல்கிறேன். ரசீதின் அடிக்கட்டையில் "மாத நன்கொடை, 3,000" என்று மட்டும் இருக்கும். கொடுத்தவரின் முழுப் பெயரோ பான் எண்ணோ, பணம் ரொக்கமா வங்கி வழியா என்பதோ இருக்காது. 80ஜி பதிவு கிடைத்த பிறகு, ஆண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்கு வரிச்சலுகைச் சான்று தர முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகையே கிடையாது. ரசீது எழுதும்போதே கேட்டு வாங்க வேண்டிய விவரத்தை ஓராண்டு கழித்துத் தேடினால் கிடைப்பது அரிது.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்ட மற்றொன்று, வெளிநாட்டில் இருந்து வரும் தொகை. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டே வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், அவர் உங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குரிய சட்டப் பதிவு இல்லாமல் அதைப் பெறக் கூடாது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இதை முதலில் சரிபாருங்கள். அனுப்பியவர்களிடம் பாஸ்போர்ட் நகல் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மையத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது, ஐந்தாறு சங்கங்களுக்குப் பொதுவாக ஒரு கணக்காளர். வாரத்தில் ஒருநாள் அவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கணக்காளருக்கு என்று எந்தக் கொடையாளரும் மனமுவந்து பணம் தருவதில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்றால் தருவார்கள், பேரேடு எழுத என்றால் யோசிப்பார்கள். அதே நேரம், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல்லும், அதில் பதிந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் சங்கத்துக்கே உரியவையாக இருக்கட்டும். கணக்காளர் விலகிப் போன பிறகு, அவருடைய எண்ணுக்கு வரும் ஓடிபிக்காகக் காத்துக் கிடந்த சங்கங்கள் உண்டு.

பதில் 2
எழுதியவர்: குளச்சல் வட்டாரக் களப்பணியாளர்

சகோதரி, உங்கள் குழுவினரின் கேள்வி, அதாவது நாம் ஏற்கனவே நலிந்தவர்களுக்காகத்தானே உழைக்கிறோம் என்பது, நேர்மையான கேள்வி. அதற்குக் கடற்கரையின் அனுபவத்தில் இருந்து பதில் சொல்ல விரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களுக்கு வந்து சேர்ந்த அமைப்புகள் ஏராளம். வந்தவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் எந்த ஊருக்கு எது போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரியாததால், சாலையோரத்து ஊருக்குப் பாத்திரமும் துணியும் இரண்டு மூன்று முறை வந்திறங்கின. உள்ளொதுங்கிய ஊரில் எதுவும் இறங்கவில்லை. இதே நிலை நாகப்பட்டினத்தில் இன்னும் பெரிய அளவில் இருந்தது. அங்கே, ஸ்னேகா அமைப்பும் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை உருவாக்கின. ஊர்வாரியாக விவரம் திரட்டி, வருகிற அமைப்புகளுக்கு எங்கே எது தேவை என்று சொல்லி, மாவட்ட நிர்வாகத்துக்கும் அமைப்புகளுக்கும் நடுவில் நின்று பேசியதுதான் அதன் பெரும்பணி. பணத்தைக் காட்டிலும் அப்போது பற்றாக்குறையாக இருந்தது அந்த விவரம்தான்.

உள்ளடக்குதல் என்பது எவ்வளவு கடினம் என்பதும் அதே காலத்தில்தான் வெளிப்பட்டது. இழப்பீட்டுக்கான பட்டியல் படகு, வலை, வீடு ஆகியவற்றின் உரிமையாளரை வைத்து எழுதப்பட்டால், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்ணின் பெயர் அதில் எப்படி வரும்? கடற்கரையில் கூலிவேலை செய்து பிழைத்த மீனவர் அல்லாத குடும்பங்களும், வாடகை வீட்டில் இருந்தவர்களும், கணவரை இழந்து மகன் வீட்டில் ஒண்டியிருந்த முதியவர்களும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பட்டியல் எழுதியவர்களிடம் வஞ்சகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எழுதும் இடத்தில் அந்தப் பெண்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், இன்னாருடைய பெயர் இல்லையே என்று அந்த நிமிடமே சொல்லியிருப்பார். நலிந்தவர்களுக்காக உழைக்கும் அமைப்புக்கும், நலிந்தவர்கள் முடிவெடுக்கும் அமைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். உங்கள் குழுவினரிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது வேறு வகையான தேவை எழுந்தது. கடலில் காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்வதற்குப் பொதுவாக ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களின் வீடுகளில் அத்தனை ஆண்டு காத்திருக்க யாரால் முடியும்? யார் எந்தப் படகில் எந்தத் துறைமுகத்தில் இருந்து போனார்கள் என்பதை ஊரில் உள்ள சங்கங்களும் தேவாலயப் பங்குகளும்தான் கைப்பட எழுதிச் சேர்த்தன. மனு எழுதவும் ஆவணங்களைத் தொகுக்கவும் தெரிந்தவர் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். மனு மாதிரிகளைத் தமிழில் தயாராக வைத்திருந்து, தெரிந்த ஊர்க்காரரைத் தெரியாத ஊருக்கு அனுப்பி வைக்கும் ஓர் ஆதார மையம் அந்த நாட்களில் பெரிய துணையாக இருந்திருக்கும். உங்களை அழைக்கும் மையத்திடம், பேரிடர் வந்தால் உறுப்பினர் சங்கங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கடலோர மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத மையம் பாதி மையம்தான்.

பதில் 3
எழுதியவர்: நாகர்கோவில், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்

வணக்கம் அக்கா. மேலே எழுதிய அண்ணனின் கருத்தை அப்படியே ஏற்கிறேன். நான் ஒரு மாற்றுத்திறனாளி என்பதால், உங்கள் பராமரிப்பு இல்லத்தைப் பற்றி முதலில் ஒரு சட்ட விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் பட்டியலில் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 50-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு, கல்வி, பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றுக்காக நடத்தப்படும் எந்த நிறுவனமும் தனியாகப் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். சங்கப் பதிவு இருந்தாலும் இது வேறு. விண்ணப்பம் கிடைத்த 90 நாட்களுக்குள் சான்று வழங்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உங்களிடம் ஏற்கனவே சான்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி உள்ளடக்கும் செயல்திட்டத்தைப் பற்றி. பல அமைப்புகள் இதை ஒரு பக்கம் எழுதிக் கோப்பில் வைப்பதோடு முடித்துக்கொள்கின்றன. நான் எந்த அமைப்பைப் பற்றியும் முதலில் பார்ப்பது, கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதைத்தான். மாடியில் கூட்டம் வைத்துவிட்டு, நான்கு பேர் சேர்ந்து என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக முன்வருவார்கள். அவர்கள் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படித் தூக்கப்பட்டு மேலே போய் உட்கார்ந்தவன், அந்தக் கூட்டத்தில் யாரையும் எதிர்த்துப் பேசத் தயங்குவான். இறங்கும்போதும் அதே நால்வர்தானே தூக்க வேண்டும்? கீழ்த்தளத்தில், படி இல்லாத ஓர் அறையில் கூட்டம் வைத்தால் நான் மற்றவர்களுக்குச் சமமாகப் பேசுவேன்.

நேரமும் அதே போலத்தான். முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாலை வீடு திரும்பும் வரை நேரமில்லை. மீன் விற்பவர் விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுவார், பிற்பகலில்தான் ஓய்வு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவீதத்தினர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு முற்பகலில் கூட்டம் என்றால் அவர்களில் பலர் ஆலயத்தில் இருப்பார்கள். வெள்ளி நண்பகலில் வைத்தால் இஸ்லாமியச் சகோதரர்கள் வர இயலாது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நேரம் கிடைக்காது என்பதால், கூட்ட நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதென்று ஒரு தீர்மானம் போடுங்கள். கூலிவேலை செய்பவர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். பேருந்துக் கட்டணத்தோடு அந்த இழப்புக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். எனக்கு உதவியாளர் ஒருவர் கூட வரவேண்டும், அவருடைய பயணச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இத்தொகைகள் நிதிநிலைத் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெறாதவரை, உள்ளடக்குதல் என்பது நல்ல எண்ணமாக மட்டுமே இருக்கும்.

விளவங்கோடு பக்கத்து உறுப்பினர்கள் மலையாளம் கலந்து பேசுவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்காமல் இருந்தாலே அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் முன் தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் அது உதவும். எழுத்து தெரிந்தும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களுக்கும் உதவும்.

இதில் ஆதார மையத்தின் பங்கு என்ன என்றால், தனிச் சங்கத்தால் வைத்துக்கொள்ள முடியாதவற்றைப் பொதுவாக வைத்திருப்பது. சைகைமொழிபெயர்ப்பாளர், இயன்முறை மருத்துவர், கட்டடத்தைப் பார்த்துச் சாய்தளம் எங்கே, கைப்பிடி எங்கே என்று சொல்லும் பொறியாளர் ஆகியோரைச் சங்கங்கள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு அரசின் 'உரிமைகள்' திட்டத்தின் கீழ் தொடங்கப்பட்டு வரும் "விழுதுகள்" சேவை மையங்களோடு உங்கள் பிள்ளைகளை இணைத்துவிடுவதும் அவர்கள் செய்யக்கூடிய வேலைதான். பெண் ஊழியர்கள் பாதுகாப்புக்கும் இது பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் வெளியில் இருந்து ஒருவரும் வேண்டும். அப்படிப்பட்ட தகுதியான பெண்களை மையம் பல சங்கங்களுக்குப் பரிந்துரைக்கலாம்.

மறுமொழி
எழுதியவர்: கல்குளம் வட்டத்துச் செயலாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 50-ஆம் பிரிவைப் பற்றி நாளையே விசாரிக்கிறேன். கூட்ட நேரத்தை மாற்றி வைக்கும் யோசனையும் கூலி இழப்புக்கான ஒதுக்கீடும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இடம்பெறும். எங்கள் கூட்டம் ஒரு வீட்டின் முன்திண்ணையில்தான் நடக்கிறது, ஆனால் அதற்கு மூன்று படிகள் உண்டு என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். மையம் எங்களை விழுங்கிவிடுமோ என்ற அச்சத்துக்கும், காணி மக்களை எப்படி அணுகுவது என்பதற்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 4
எழுதியவர்: திருவட்டாறு, கூட்டமைப்புப் பணியில் இருந்தவர்

அம்மா, விழுங்கப்படும் அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். பயனாளிகளின் பெயர்ப்பட்டியல், புகைப்படங்கள், உங்கள் பணியைப் பற்றிய அறிக்கைகள் ஆகியவை யாருக்கு உரியவை, மையம் தன் ஆண்டறிக்கையில் உங்கள் பணியை எப்படிக் குறிப்பிட வேண்டும், விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை அதில் இருக்கட்டும். மையத்தின் நிர்வாகத்தில் உறுப்பினர் சங்கங்களுக்கு வாக்கு உண்டா என்று கேளுங்கள். உங்களிடம் உள்ளடக்கும் திட்டம் கேட்கும் மையம், தன் நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள், எத்தனை மாற்றுத்திறனாளிகள், எந்தெந்த வட்டத்தவர் இருக்கிறார்கள் என்று சொல்லக் கடமைப்பட்டது.

அதன் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். முன்பெல்லாம் பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டு நிதியைப் பெற்று, நம் போன்ற சிறு சங்கங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அவ்வாறு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே மையம் உங்களுக்குப் பணம் வாங்கித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி வாக்குறுதி தந்தால் எந்த வழியில் என்று தெளிவாகக் கேளுங்கள். உழைப்பும் அறிவும் ஆளும் தருவதுதான் இன்று ஒரு மையத்தால் முறையாகச் செய்யக்கூடியது.

ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்தின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் திரண்டார்கள். ஆனால் சிறு அமைப்புகள் சட்டப்படியான தகுதி பெறுவது அங்கே அரிதாக இருந்தது. அதன் விளைவாக 1998-இல் தனிச்சட்டம் வந்தது. தொடர்ந்து பல நகரங்களில் ஆதார மையங்கள் எழுந்தன. அவற்றில் பலவற்றுக்கு உள்ளாட்சி இடம் கொடுக்கிறது, தொண்டு அமைப்புகளே நடத்துகின்றன. கூட்டம் நடத்த அறை, நகலெடுக்கும் இயந்திரம், அஞ்சல் பெட்டி, ஆலோசனை சொல்ல ஒரு மேசை, இவ்வளவுதான். நம் நாகர்கோவில் மாநகராட்சியோ நகராட்சிகளோ தம்மிடம் சும்மா கிடக்கும் ஒரு கட்டடத்தை இப்படி ஒதுக்கினால் எத்தனையோ சங்கங்களின் வாடகைச் சுமை குறையும். இந்தக் கோரிக்கையைத் தனித்தனியாக வைப்பதைவிட ஆதார மையத்தின் வழியாகச் சேர்ந்து வைப்பது நல்லது.

காணி மக்களைப் பற்றிக் கேட்டீர்கள். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள குடியிருப்புகளில் சில, நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போகவேண்டியவை. அங்கிருந்து ஒருவரைக் கல்குளத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வரச்சொன்னால், ஒரு மணிநேரக் கூட்டத்துக்காக அவருடைய முழு நாளும் போகும். யானை நடமாட்டம் உள்ள பாதையில் இருட்டிய பிறகு திரும்பவும் முடியாது. உங்கள் ஊரில் குடியேறிய குடும்பங்களோடு முதலில் தொடங்குங்கள். குடியிருப்பின் மூத்தவர்களைப் பார்த்துப் பேசி, அவர்கள் மூலமாகவே ஒருவரைப் பொதுக்குழுவில் உறுப்பினராகச் சேர்த்து, அடுத்த தேர்தலில் நிர்வாகக் குழுவுக்கு நிற்க வையுங்கள். நியமன உறுப்பினராக ஒரு நாற்காலி கொடுப்பதைக் காட்டிலும், வாக்குப் பெற்று வருபவருக்குக் கூட்டத்தில் குரல் வலுக்கும். ஆண்டில் ஒரு பொதுக்குழுவையாவது மலையோரத்தில், பகல் நேரத்தில் வையுங்கள். நீங்கள் கொடுக்கப்போவதைப் பற்றிப் பேசும் முன்பு, அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்போடு பள்ளியை விட்டு நிற்கிறார்கள், எதனால் நிற்கிறார்கள் என்று அவர்களையே சொல்லவிட்டுக் கேளுங்கள். விடுதி வாழ்க்கை ஒத்துக்கொள்ளாததும், பேருந்து நேரமும், சாதிச் சான்றிதழ் கிடைப்பதில் ஏற்படும் தாமதமும் அந்தப் பேச்சில் தாமாகவே வரும். உங்கள் மாலைநேரப் படிப்பகத்தின் அடுத்த ஆண்டுத் திட்டத்தை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.

மார்த்தாண்டத்து ஐயா சொன்ன பொதுக் கணக்காளர் திட்டத்துக்குத் திருவட்டாறு பக்கம் மூன்று சங்கங்கள் ஆர்வமாக இருக்கின்றன. உங்கள் சங்கமும் சேர்வதென்றால் மையத்துக்கு நான்கு சங்கங்களும் கையெழுத்திட்ட ஒரே கடிதமாக அனுப்பலாம். உங்கள் நிர்வாகக் குழு முடிவெடுத்ததும் இந்த இழையிலேயே தெரிவியுங்கள். கடிதத்தின் வரைவை நான் எழுதி இங்கே இடுகிறேன், எல்லோரும் திருத்தம் சொல்லலாம்.